நாணயமே முதல்

கையிலுள்ள காசுக்கும் சொல் தவறா ஒழுக்கத்திற்கும் நம் மொழியில் 'நாணயம்' என்னும் ஒரே பெயர் வழங்குகின்றது. இப்பொருத்தத்தின் உண்மையைத் துறைமுக நகரங்களின் பணக்கடை வரலாறு நன்கு விளக்கும்.

சீனத்து ஷாங்காய்த் துறைமுகத்தில் 'சியேன்சுவாங்' எனப்பட்ட தனியார் பணக்கடைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் செழித்திருந்தன. பங்காளிகளின் முதல் சிறிது. அவர்தம் பொறுப்போ வரம்பற்றது. ஈடு கேளாது ஆளறிந்தே கடன் கொடுத்தனர். மேனாட்டு வங்கிகள் அவர்களுக்குக் குறுந்தவணைக் கடன் வழங்கின. அதற்கு வங்கியின் சீனத் தரகர் பிணை நின்றார். 1910ஆம் ஆண்டு இறப்பர்ப் பங்குகளின் விலை சரியவே, கடைகள் பல முறிந்தன.

இதனையொத்த அமைப்பு நம் நாட்டிலும் இருந்தது. கொழும்புச் செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கிகளை அமைத்தனர். மூன்றாண்டுத் தவணைக்கு வந்த மேலாட்கள் பேரேடும் ஐந்தொகையும் பிழையற எழுதினர். உறவினரும் கோயில்களும் ஒப்படைத்த பணத்தோடு ஆங்கில வங்கிகளின் கடனும் அவர்தம் முதலாயிற்று. அக்கடனுக்கு வங்கிச் சிறாப்பர் பிணை நின்றார். ஷாங்காய்க்கும் கொழும்புக்கும் இடையே வேறுபாடு பெயரளவிலேதான்!

அந்நாளில் ஆங்கில வங்கிகளின் வாயில் நம்மவர்க்கு எளிதில் திறவாது. ஆதலின் சிலாபம், புத்தளம் பகுதித் தென்னந்தோட்டக்காரர் செட்டியாரையே நாடினர். வங்கி வட்டியின் மேல் செட்டியார் வட்டி ஏறும். எனினும் வேண்டியபோது பணம் கிடைத்தது.

1925இல் செட்டியார் நிறுவனமொன்று முறிந்தது. அச்சமுற்ற வங்கிகள் ஏனையோர்க்கும் கடனைச் சுருக்கின. செட்டியார்கள் தம்மிடம் கடன்பட்டோரை நெருக்கினர். 1929க்குப் பின் உலகப் பொருளாதார மந்தத்தால் கொப்பறா விலையும் வீழ்ந்தது. ஈடு வைத்த தோட்டங்கள் பல கைமாறின. பணம் கேட்டவர்க்குத் தோட்டம் கிடைத்தது. தோட்டம் வைத்தவர்க்கோ இரண்டுமில்லை. இதனைக் கொடுத்தவரின் கொடுமையென்றோ வாங்கியவரின் மடமையென்றோ கூறி யாம் அமையலாகாது. ஓரிடத்து நம்பிக்கை குலைந்தால் சங்கிலி முழுவதும் அறும் என்பதே இதன் பாடம்.

1934ஆம் ஆண்டு வங்கி ஆணைக்குழு இக்குறையை ஆராய்ந்தது. அதன் பயனாக 1939இல் இலங்கை வங்கி தோன்றியது.

மாணவர்களே! கடன் பத்திரத்தை முழுதும் படித்த பின்னரே கையொப்பமிடுங்கள். வரவு செலவை நாள்தோறும் எழுதுங்கள். காசு போயினும் மீளும். நாணயம் போயின் மீளாது.