காறை எலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சை தேவையா?

எலும்பு மண்டலப் பாடத்தில் காறை எலும்பைத் தொட்டுக் காட்டச் சொல்வேன். கபடியிலோ மிதிவண்டியிலோ தோள்மீது விழும்போது, வளைந்த இவ்வெலும்பின் நடுப்பகுதியே பெரும்பாலும் முறிகிறது.

எக்ஸ்ரேயில் முனைகள் விலகியிருப்பதைக் கண்ட பெற்றோர், “ஆபரேஷன் செய்யாவிட்டால் கை பழையபடி வராதா சார்?” என்று கேட்கின்றனர். முழுவதும் விலகிய முறிவுகளுடன் 10 முதல் 18 வயதினரை இரண்டாண்டுகள் கவனித்த அமெரிக்க ஆய்வு 2022-இல் வெளியானது. தகடு பொருத்தியோருக்கும், துணிப்பட்டையில் கையைத் தாங்கி வைத்தோருக்கும் தோளின் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வளரும் வயதில் எலும்பு விரைவாகக் கூடும். தகடு பொருத்தினால் தோல் மரத்துப்போகலாம். அதை அகற்ற மறு அறுவையும் தேவைப்படலாம்.

ஆனால் எலும்பு தோலைக் கிழித்தாலோ, நரம்பு, இரத்தக்குழாய் பாதிக்கப்பட்டாலோ அறுவை சிகிச்சை தேவைப்படும். முடிவு மருத்துவருடையது.

நம் பணி மூன்று: விழுந்தவுடன் தேய்க்காமல், இழுக்காமல் முக்கோணத் துணியால் கையைத் தாங்கி மருத்துவமனைக்கு அனுப்புவது, கடன் வாங்க ஓடும்முன் மருத்துவரிடம் இரு வழிகளையும் கேட்கப் பெற்றோரைத் தூண்டுவது, மருத்துவர் அனுமதிக்கும்வரை மாணவரை விளையாட்டில் இறக்காதிருப்பது.