பீகிள் நாய்களின் பரம்பரைக் குருதிக் குறைபாடு

நாயின் காது கிழிந்தால் குருதி கசிகிறது. சிறிது நேரத்தில் உறைந்து நின்றுவிடுகிறது. இது எவ்வாறு நிகழ்கிறது? குருதியிலுள்ள பல புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி அதனை உறையச் செய்கின்றன. இவற்றை உறைதற் காரணிகள் என்கிறோம். காயப்பட்ட இடத்தில் இவ்வேலையைத் தொடக்கி வைப்பது ஈரலில் உருவாகும் ஏழாம் காரணியாகும்.

பீகிள் எனும் இங்கிலாந்து வேட்டைநாய் இனத்தில், சில நாய்களுக்கு இக்காரணி பிறப்பிலேயே மிகக் குறைவு. இக்குறைபாடு 1960களில் அறியப்பட்டது. அதற்குக் காரணமான பரம்பரையலகு மாற்றம் 2006இல் வெளியிடப்பட்டது. வியப்பு என்னவெனில், இந்நாய்களுட் பெரும்பாலானவை தொல்லையின்றி வாழ்கின்றன. வேலையைத் தொடக்கி வைக்கச் சிறிதளவு காரணியே போதுமாயிருக்கிறது. ஆதலால், வேறு தேவைக்காகச் செய்யும் குருதிச் சோதனையிலேயே இது தற்செயலாக வெளிப்படுகிறது.

எவ்வாறு கடத்தப்படுகிறது?

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பரம்பரையலகைப் பெற்ற குட்டிக்கே குறைபாடு உண்டாகும். ஒன்றை மட்டும் பெற்றது காவியாகும். இரு காவிகள் சேர்ந்தால், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று குறைபாடுடையது, இரண்டு காவிகள், ஒன்று பழுதற்றது. பெரும்பாலும் ஆண் நாய்களையே வருத்தும் ஈமோபீலியா போலன்றி, இது ஆண், பெண் இரண்டையும் சமமாகவே பாதிக்கும்.

தீங்கற்றதாயின் ஏன் அறியவேண்டும்?

முதலாவது, சத்திரசிகிச்சையின்போதோ பெருங்காயத்தின்போதோ சில நாய்களுக்குக் குருதி கூடுதலாக வெளியேறலாம். மிருக வைத்தியருக்கு முன்கூட்டியே தெரிந்தால், தேவைப்படின் குருதித் திரவவிழையம் ஏற்ற ஆயத்தமாயிருப்பார்.

இரண்டாவது, எலிமருந்துக் குழப்பம். குருதி உறைவதைத் தடுக்கும் எலிமருந்தை உண்ட நாயிலும் முதலில் குறைவது ஏழாம் காரணியே. ஆனால் நாள் செல்ல ஏனைய சில காரணிகளும் குறைந்து, உயிராபத்து நேரும். விற்றமின் கே அதற்கு மருந்து. பரம்பரைக் குறைபாட்டில் ஏழாம் காரணி மட்டுமே குறைந்திருக்கும்; விற்றமின் கே கொடுத்துப் பயனில்லை. ஆயினும் நாய் எலிமருந்து உண்டதெனச் சந்தேகமிருந்தால் தாமதிக்கலாகாது; உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டும்.

காவியென்று தெரிந்தவுடன் நல்ல நாயை இனவிருத்தியிலிருந்து ஒதுக்கவேண்டியதில்லை. பழுதற்ற துணையுடன் சேர்த்தால் குறைபாடுடைய குட்டி பிறவாது. காவிகள் யாவற்றையும் கழித்துவிட்டால் இனத்தின் பரம்பரை வளம் சுருங்கி, இதனிலும் கொடிய நோய்கள் தலைதூக்க இடமுண்டு. குறையொன்றைக் கண்டதும் விலக்க முற்படாமல், அதன் அளவை முதலில் அறிந்துகொள்வோம்.