அழுத்தினால் மறையும் மின்தடை

1911-ல் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தை 4.2 கெல்வின் வரை குளிர்வித்தபோது அதன் மின்தடை காணாமல் போனது. இதைத்தான் மீக்கடத்துத்திறன் என்று படிக்கிறோம். சிக்கல் என்னன்னா, அந்தக் குளிருக்கு திரவ ஹீலியம் வேணும். இவ்வளவு குளிர் இல்லாமல் முடியாதா?

1957-ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் தந்த விளக்கப்படி, படிகத்தில் அணுக்களின் அதிர்வுதான் எலக்ட்ரான்களை ஜோடி சேர்க்கிறது. அணு லேசாக இருந்தால் அதிர்வு வேகமாகும். மாறுநிலை வெப்பநிலையும் உயர வாய்ப்புண்டு. இருப்பதிலேயே லேசான அணு ஹைட்ரஜன். ஆனால் அதை உலோகமாக்க பயங்கர அழுத்தம் தேவை. ஹைட்ரஜன் நிறைந்த சேர்மங்களுக்கு அதைவிடக் குறைந்த அழுத்தம் போதும் என்று 2004-ல் ஆஷ்கிராஃப்ட் சொன்னார்.

2015-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் எரெமெட்ஸ் குழு அதைச் செய்து காட்டியது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் மாதிரிப்பொருள். சுமார் 150 ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில், 203 கெல்வினில் மீக்கடத்தியானது. 2019-ல் லாந்தனம் ஹைட்ரைடு 170 ஜிகாபாஸ்கலில் 250 கெல்வினைத் தொட்டது. அதாவது -23 டிகிரி செல்சியஸ்!

150 ஜிகாபாஸ்கல் என்பது சுமார் 15 லட்சம் வளிமண்டல அழுத்தம். இதுக்கு ராட்சத இயந்திரம் வேணுமா? கணக்குப் போட்டுப் பாருங்க. எதிரெதிரே வைத்த இரண்டு வைரங்களின் தட்டை முனை 50 மைக்ரோமீட்டர் விட்டம் என்றால், பரப்பு சுமார் 2×10⁻⁹ சதுர மீட்டர். விசை 300 நியூட்டன். ஒரு அரிசி மூட்டையின் எடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம்!

சரி, மின்தடை பூஜ்யம் காட்டினால் போதுமா? போதாது. நான்குமுனை அளவீட்டில் வோல்டேஜ் கம்பி கழன்றாலும் பூஜ்யம் காட்டலாம். அதனால்தான் அந்தக் குழு ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் போட்டும் பார்த்தது. நிறை இரண்டு மடங்கு. எனவே 203-ஐ √2-ஆல் வகுத்தால் 144. கிடைத்தது சுமார் 150 கெல்வின். காந்த அளவீடும் ஒத்துப்போனது.

மாறாக, அறை வெப்பநிலை மீக்கடத்தி என்று 2020-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு கட்டுரை 2022-ல் திரும்பப் பெறப்பட்டது. காந்த அளவீட்டில் பின்னணி சமிக்ஞையைக் கழித்த முறைதான் பிரச்சினை. ஆகவே, லேப் ரெக்கார்டில் கழித்த பிறகு வந்த வரைபடம் மட்டும் போதாது நண்பர்களே; கழிப்பதற்கு முன் எடுத்த அளவுகளும் இருக்கணும்.