கட்டளைவரிச் செயலிக்கு எந்த நிரல்மொழி? தொடக்கநிலையாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிக்பீல்ட்ஸ் நண்பரிடம் விண்டோஸ் மடிக்கணினி. கிள்ளானில் பக்கம் வடிவமைக்கும் தங்கையிடம் மேக். உங்களிடம் உபுண்டு. மூவருமாகத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் தயாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சொற்பட்டியலைக் கொடுத்தால், நான்கு கட்டத்துக்கு எவை, ஐந்து கட்டத்துக்கு எவை என்று பிரித்துத் தரும் சிறு செயலி வேண்டும். மூன்று கணினியிலும் ஓட வேண்டும். எந்த மொழி பிரபலம் என்று தேடப் போனால் நாள்தான் போகும். கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்யுங்கள்.

படி 1: யார் ஓட்டப்போகிறார்கள்?

நீங்கள் மட்டும்தான் என்றால் தெரிந்த மொழியே போதும். நிரல் எழுதத் தெரியாத நண்பரும் ஓட்டுவார் என்றால், அவர் கணினியில் எதையும் நிறுவச் சொல்லாத மொழியே நல்லது. பயன்படுத்துவோர் பெயரையும் அவரவர் கணினி வகையையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

படி 2: தமிழ்ச் சொல்லைக் கொடுத்துச் சோதியுங்கள்

1985இல் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன் மலேசியர். அவருடைய அஞ்சல் விசைமுறையும் இணைமதி எழுத்துருவும் இன்று மேக் கணினியோடே வருகின்றன. தமிழைத் தட்டும் சிக்கலும் காட்டும் சிக்கலும் அப்படித் தீர்ந்தன. எழுத்துகளை எண்ணுவது நம் பொறுப்பு.

‘கிள்ளான்’ என்ற சொல்லின் நீளம் என்ன? நிரல்மொழிகள் தரும் விடை இது:

- கோ, ரஸ்ட்: 24. யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்.
- பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட்: 8. மேல்விலங்கு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறியீடு.
- ஸ்விஃப்ட்: 4. மாணவர் எண்ணுவதும் இதுதான்.

24 வந்ததற்காக ஒரு மொழியை ஒதுக்க வேண்டாம். துணைக்குறிகளை விட்டுவிட்டு எண்ணினால் 4 கிடைக்கும். கோவோடு வரும் செந்தர நூலகத்திலேயே அதற்கு வசதி உண்டு. பைத்தானில் ‘ஓப்பன் தமிழ்’ நூலகம் சொல்லை எழுத்துகளாகப் பிரித்துத் தரும். ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்தாக எண்ணப்படக்கூடிய க்ஷ, ஸ்ரீ இரண்டையும் மட்டும் தனியே சோதியுங்கள்.

படி 3: செயலி அடுத்தவர் கணினிக்கு எப்படிப் போகும்?

பைத்தான் கற்க எளிது. ஆனால் விண்டோஸில் அது முன்பே இருப்பதில்லை. மேக்கிலும் பழைய பைத்தான் 2, 2022இல் வந்த 12.3 பதிப்போடு நீக்கப்பட்டது. நண்பர் முதலில் பைத்தானை நிறுவ வேண்டியிருக்கும்.

2012இல் முதல் பதிப்பு கண்ட கோ, எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். உபுண்டுவில் இருந்தபடியே விண்டோஸுக்கும் மேக்குக்கும் கட்டலாம். இலக்குக் கணினியை இரண்டு சூழல் மாறிகளில் குறித்தால் போதும். இன்டெல் மேக்குக்கும் ஆப்பிள் சிலிக்கான் மேக்குக்கும் தனித்தனிக் கோப்பு வேண்டும். ரஸ்டும் (2015) தனிக் கோப்பு தரும். ஆனால் தொடக்கநிலையாளருக்கு அதன் நினைவக விதிகள் பிடிபட நாளாகும்.

படி 4: விண்டோஸில் மூன்றைச் சரிபாருங்கள்

1. வரி முடிவு: விண்டோஸ் கோப்பில் வரி இறுதியில் இரண்டு மறைகுறிகள் உண்டு. ஒன்றை மட்டும் நீக்கினால் நான்கெழுத்துச் சொல் ஐந்தாகும்.
2. குறியாக்கம்: பைத்தானில் கோப்பைத் திறக்கும்போது யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இல்லையேல் தமிழ் சிதையக்கூடும்.
3. கோப்புப் பாதை: சாய்கோட்டைக் கையால் எழுதாதீர்கள், மொழியின் பாதை நூலகத்திடம் விடுங்கள்.

படி 5: முடிவெடுங்கள்

நீங்கள் மட்டும் பயன்படுத்தும் செயலிக்குப் பைத்தான். மற்றவருக்கும் கொடுப்பதற்குக் கோ. ரஸ்டோ ஸ்விஃப்டோ ஏற்கெனவே கைவந்தவர் அதிலேயே எழுதலாம். நம் புதிர்க் குழுவுக்கு நான் சொல்வது கோ.

மொழியைத் தேர்ந்ததும் முழுச் செயலியில் இறங்காதீர்கள். சொல்லை வாங்கி எழுத்தை எண்ணும் இருபது வரி நிரலை மட்டும் எழுதி, இருவருக்கும் அனுப்புங்கள். பிரிக்பீல்ட்ஸ் மடிக்கணினியிலும் கிள்ளான் மேக்கிலும் ‘கிள்ளான்’ என்று தட்டினால் 4 வரவேண்டும். வந்துவிட்டால் அந்த மொழியிலேயே தொடருங்கள்.