செம்மறி வளர்க்கப் போகிறவர்களுக்கு, ஜாசினிலிருந்து

மலேசியாவில் விற்கும் ஆட்டிறைச்சியில் உள்ளூர் ஆடு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் உறைந்த பெட்டிகளில் வருவது. ஆடு வளர்ப்புக் கருத்தரங்கு எதற்குப் போனாலும் இந்தக் கணக்கைத்தான் முதலில் திரையில் போடுவார்கள். "தொண்ணூறு விழுக்காடு சந்தை சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்!" என்பார்கள். கட்டணம் கட்டி உட்கார்ந்தவர்கள் தலையாட்டுவார்கள்.

சும்மா ஒன்றும் கிடக்கவில்லை. அங்கே ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறான், நம்மால் தொட முடியாத விலைக்கு விற்கிறான். மலாக்கா டவுனில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவரிடம் போய் உள்ளூர் செம்மறி தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பெட்டி இறைச்சியைப்போல இரட்டை விலை வரும் என்றதும் கல்லாவைப் பார்க்கத் திரும்பிவிடுவார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மசாலாவில் வெந்தபின் எந்த ஊர் ஆடு என்று எவருக்குத் தெரியப்போகிறது?

நமக்குள்ள சந்தை உயிரோடு, நாலு காலில் நிற்கிற ஆட்டுக்கு மட்டும். ஹஜ்ஜுப் பெருநாள் கோர்பானும், பிள்ளை பிறந்த வீட்டு அகிக்காவும்தான் அது. அகிக்காவுக்கு ஆண் பிள்ளை என்றால் இரண்டு ஆடு, பெண் பிள்ளை என்றால் ஒன்று. இது வருடம் முழுக்க வரும், சிறுகச் சிறுக. கோர்பான் ஒரே நேரத்தில் வரும். அங்கே நமக்குப் போட்டி வெள்ளாடு என்று நினைக்காதீர்கள், மாடுதான் போட்டி. ஒரு மாட்டில் ஏழு பேர் பங்கு சேரலாம். ஆட்டில் ஒருவர்தான். மாட்டுப் பங்கு ஆயிரம் வெள்ளிக்குக் கீழே நின்றால், ஆயிரத்துக்குமேல் நிற்கும் நம் செம்மறியைக் கேட்க ஆள் குறையும். இதுபோக, கம்போடியாவிலோ ஆப்பிரிக்காவிலோ கோர்பான் கொடுத்துத் தருகிறோம் என்று இன்னும் மலிவாகப் பணம் வாங்குகிற ஏற்பாடுகளும் வந்துவிட்டன. இதை எந்தக் கருத்தரங்கிலும் திரையில் போட்டு நான் பார்த்ததில்லை.

அப்படியும் செம்மறிதான் சரி என்று இன்றைக்கும் சொல்கிறேன். என் மச்சான் பார்க்கும்போதெல்லாம், "மாமா, வெள்ளாடு போட்டிருந்தா இந்நேரம் வீடு கட்டியிருக்கலாம்" என்பார். அவர் ஒரு ஆட்டுக்குட்டிக்குக்கூடப் புல் அறுத்துப் போட்டதில்லை. இங்கே வழக்கத்திலுள்ள ஷாஃபி மத்ஹபில் கோர்பானுக்கு வெள்ளாடு இரண்டு வயது நிரம்ப வேண்டும். செம்மறிக்கு ஓராண்டு நிரம்பினாலோ முன்பல் விழுந்தாலோ போதும். இன்னும் ஓராண்டுத் தீனியை மச்சானா வாங்கித் தருவார்?

தேதிக் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெருநாள் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வரும். 2025இல் ஜூன் 7. 2027இல் மே நடுவில் வரும். அதற்கு ஒரு வயது நிரம்பிய கிடா வேண்டும் என்றால் 2026 மே தொடக்கத்துக்குள் குட்டி விழுந்திருக்க வேண்டும். சினை ஐந்து மாதம். ஆக, 2025 நவம்பரிலேயே கிடாவைச் சேர்த்திருக்க வேண்டும். பெருநாளுக்கு ஆறு மாதம் இருக்கையில் குட்டி வாங்கிக் கொழுக்க வைக்கலாம் என்று கிளம்புகிறவர்கள், மேலே சொன்ன கருத்தரங்குக்காரர்களின் வாடிக்கையாளர்கள்.

இனி, என் பெருநாள் வரவை ஒரே வாரத்தில் தின்ற சங்கதி. பி.கே.சி.

நமக்கெல்லாம் செம்பனை ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. பருப்பில் எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் சக்கைதான் பி.கே.சி., லோரி லோரியாக மலிவாகக் கிடைக்கும். ஜாசின் பக்கம் தீனி விற்கும் ஒருவரிடம் செம்மறிக்கு எவ்வளவு போடலாம் என்று வாய்விட்டுக் கேட்டேன். "மாட்டுக்குப் போடுறாங்க, வெள்ளாட்டுக்குப் போடுறாங்க, இதுக்கு மட்டும் என்னங்க? தின்னுற மட்டும் போடுங்க, சீக்கிரம் எடை ஏறும்" என்றார். விற்கிறவர் அவர், தெரிந்திருக்க வேண்டியவரும் அவர்தான். நான் கேட்டதற்கு என் வீட்டுக்காரி சாட்சி.

எடை ஏறத்தான் செய்தது. டோர்ப்பர் கலப்புக் கிடாக்கள் முதுகு அகன்று, மயிர் மினுங்க நின்றன. பார்க்க வந்தவர்கள் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெருநாளுக்குச் சில நாள் முன்னால் லோரியில் ஏற்றி அலோர் காஜா பக்கம் ஒரு சுராவுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் சுராவுக் குழுத் தலைவரின் அழைப்பு: "தம்பி, ஒன்று தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது." போய்ப் பார்த்தால் கண்வெள்ளை மஞ்சளாகியிருந்தது. மூத்திரம் கோப்பி ஓ நிறத்தில் போனது. ஒருவர் பாம்பு என்றார், ஒருவர் எலிக்காய்ச்சல் என்றார், மச்சான் கண்ணேறு என்றார். மாலைக்குள் அது செத்தது. அடுத்த நாள் இன்னும் சில. கோர்பானுக்கு நோயுள்ள ஆடு ஆகாது, ஆகவே அந்த மந்தையில் நன்றாக நின்றதையும் எவரும் தொடவில்லை. அது நியாயந்தான். முன்பணத்தை எண்ணிக் கையில் கொடுத்தேன்.

கால்நடை அதிகாரி ஒன்றை அறுத்துப் பார்த்தார். ஈரல் மஞ்சள், சிறுநீரகம் கருநீலம். "பி.கே.சி. கொடுத்தீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். அதில் செம்புச் சத்து அதிகம். மாடும் வெள்ளாடும் மிஞ்சிய செம்பை ஓரளவு வெளியேற்றிவிடும். செம்மறியால் அது முடியாது, ஈரலில் சேர்த்துக்கொண்டே போகும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. தீனியும் எடுக்கும், கொழுக்கவும் செய்யும். லோரிப் பயணம், பட்டினி, பயம் என்று ஏதாவது ஒன்று போதும், ஈரலில் இருந்தது மொத்தமாக இரத்தத்தில் இறங்கி இரத்த அணுக்களை உடைத்துவிடும். அதற்குப்பின் இரண்டு மூன்று நாள்தான்.

பெருநாளுக்காகக் கொழுக்க வைத்து, பெருநாளுக்காகவே லோரியில் ஏற்றுகிற தொழில் இது. அதாவது நாம் விற்கிற அதே வாரத்தில் சாகும்படி இந்த நஞ்சு அமைந்திருக்கிறது.

செர்டாங் பல்கலைக்கழகத்தார் 1990களிலேயே இதை ஆராய்ந்து, துத்தநாகமோ மாலிப்டினமோ சேர்த்தால் நஞ்சு தணியும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். செம்மறித் தீனியில் பி.கே.சி. நூற்றுக்கு 30க்குமேல் போகக்கூடாது என்பது வழக்கமான அறிவுரை. மாட்டுக்கு 80 வரை போகும். நான் இப்போது 30ஐக்கூடத் தொடுவதில்லை. நேப்பியர் புல், சோயா சக்கை, கொஞ்சம் பி.கே.சி., அவ்வளவுதான். தாது உப்புக் கட்டியும் செம்மறிக்கென்று போட்டதைத்தான் வாங்குங்கள், மாட்டுக்கட்டியில் செம்பு இருக்கும். கடையில் இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கும்.

மற்றவை எல்லாருக்கும் தெரிந்தவை. தரையிலிருந்து உயர்த்தி இடைவெளி விட்டுப் பலகை போட்ட கொட்டகை வேண்டும். கண்ணிமையின் உள்பக்கம் வெளுத்தால் குடற்புழு. தெருநாய்க்கு வேலி. செம்பனைக்குள் மேய்ப்பதானால் மருந்தடிக்கும் தேதியை மண்டோரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பாராகுவாட் 2020இல் தடையானது, மற்ற மருந்துகள் தடையாகவில்லை. செம்பனையடியில் மண்டும் ரும்புட் இஸ்ரேலைச் செம்மறி விரும்பித் தின்னும். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1970களிலிருந்தே பால்மரத்தடியில் செம்மறி மேய்த்துப் பார்த்தது. நம் தோட்டங்களில் பால்மரமே போய்விட்டது. ஆடு வைத்திருந்த லயங்களும் போயின. சொந்த நிலம் இல்லையென்றால் இந்தப் பேச்சே வேண்டாம், குத்தகைக்காரனை எந்த நாளும் கிளப்பிவிடுவார்கள்.

இப்போது தரகர்கள் புதிதாக ஒன்று சொல்கிறார்கள். உயிருள்ள செம்மறியைக் கடல்வழியாக அனுப்புவதை 2028 மே 1 முதல் நிறுத்த ஆஸ்திரேலியா 2024இல் சட்டம் போட்டது உண்மை. "இனி உங்கள் ஆட்டுக்குத்தான் விலை" என்று அதைச் சொல்லித் தாய் ஆடு விற்கிறார்கள். அந்தக் கப்பல்கள் பெரும்பாலும் அரபு நாடுகளுக்குப் போனவை. விமானத்தில் வருவதைச் சட்டம் தொடவில்லை, பெட்டி இறைச்சியையும் தொடவில்லை. கப்பலேறாத ஆடுகள் அங்கேயே அறுபட்டு இன்னும் கொஞ்சம் பெட்டியாக இங்கே வரலாம் என்பது என் கணக்கு. நியூசிலாந்தில் 1982இல் 7 கோடிக்குமேல் இருந்த செம்மறி இன்று இரண்டரைக் கோடிக்கும் கீழே. அதனால் பெட்டி விலை மெல்ல ஏறும். நம் விலையை எட்டும் அளவுக்கு ஏறும் என்று நான் நம்பவில்லை.

தீபாவளிக்கும் முனியாண்டி கோயில் பூசைக்கும் நம் ஆட்கள் வந்து கேட்பார்கள். அவர்களுக்கு வேண்டியது வெள்ளாட்டுக் கிடா, அதுவும் கறுப்பு. செம்மறியைக் காட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். சுராவுக் குழுவோடு ரமலானுக்குள் பேசி முடியுங்கள், விலையைத் தலைக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். எடைக்கு விற்க ஒப்புக்கொண்டால், கடைசி மாதத்தில் எடை ஏற்றச் சொல்லித் தீனிக்காரர் மறுபடி வாசலில் வந்து நிற்பார்.