அட்வான்ஸ் வாங்கும் முன் அளந்து பாருங்கள்!

மனைக்கு விலை படிந்து, அட்வான்ஸும் கைமாறிய பிறகு, வாங்குபவரின் வக்கீல் கேட்பார்: “பத்திரத்தில் ஒரு சர்வே எண், பட்டாவில் வேறு எண் இருக்கிறதே? கிழக்கு எல்லையும் ஒட்டவில்லையே?” அந்த நிமிடமே பேரம் அவர் கைக்குப் போய்விடும். விலையைக் குறைக்கச் சொல்வார், அல்லது அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார். அதே பிழையை நாம் முந்திக்கொண்டு கண்டுபிடித்தால், நிதானமாகச் சரிசெய்யலாம். தமிழ்நாட்டில் நிலமோ மனையோ விற்க நினைப்பவர்களுக்கான குறிப்புகள் இவை.

1. முதலில் காகிதங்களைச் சேருங்கள். உங்கள் கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், பட்டா, அ-பதிவேட்டு நகல், எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவை வேண்டும். பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்திலும், வில்லங்கத்தைப் பதிவுத் துறையின் தளத்திலும் பார்க்கலாம். நகரப் பகுதியாக இருந்தால் வார்டு, பிளாக், நகர சர்வே எண் கொண்ட நகர நில அளவைப் பதிவேட்டைப் பாருங்கள். லேஅவுட் மனைக்கு அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் தேவை.

2. ஒரு முழுத்தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு ஆவணத்திலும் உள்ள சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பக்க அளவு, நான்கெல்லை ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒத்துப்போகாத இடங்களைச் சிவப்பு மையில் சுழியுங்கள். அரைமணி நேர வேலைதான். மற்ற எல்லா வேலைக்கும் இந்தத் தாள்தான் வழிகாட்டி.

3. பரப்பு குறைகிறது என்று பதறும் முன் கணக்கைச் சரிபாருங்கள். பத்திரம் சதுர அடியிலும் சென்ட்டிலும் பேசும். பட்டா ஹெக்டேர், ஏரில் பேசும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி. 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு 2.23 ஏர் வரும். பட்டாவில் 2.20 என்று இருந்தால் அது 2,368 சதுர அடி. முழுமைப்படுத்தி எழுதியதால் வந்த வித்தியாசமாக இருக்கலாம். 2.00 என்று இருந்தால் சுமார் 250 சதுர அடி குறைகிறது. அதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

4. புலப்படத்தில் எழுதியிருக்கும் எண் என்ன அலகு என்று கவனியுங்கள். பழைய படங்களில் லிங்க்ஸ் கணக்கு. 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, 66 அடி. புதிய படங்களில் மீட்டர். ஒரு பக்கம் 60 என்றிருந்தால், லிங்க்ஸில் அது 39.6 அடி, மீட்டரில் ஏறக்குறைய 197 அடி.

5. பத்திரத்தின் தபசிலில், அதாவது சொத்து விவரப் பகுதியில், நான்கெல்லையைச் சொல்லும் செக்குபந்தியை நிதானமாக வாசியுங்கள். ‘ரோட்டுக்கு மேற்கு’ என்று எழுதியிருந்தால், ரோட்டுக்கு மேற்கே நம் மனை இருக்கிறது என்று பொருள். அதாவது ரோடு நமக்குக் கிழக்கில். இதை ‘மேற்கில் ரோடு’ என்று புரிந்துகொண்டு அடுத்த பத்திரத்தில் திருப்பி எழுதிவிடுவதால் வரும் குழப்பம் ஏராளம். தாய்ப் பத்திரத்தை அப்படியே நகலெடுத்து, முப்பது வருடத்துக்கு முந்தைய பக்கத்து நிலக்காரர் பெயரையே எல்லையாக எழுதியிருப்பதும் உண்டு. அளவும் எல்லையும் முரண்பட்டால், நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளும். அதனால் நான்கு வரிதானே என்று விட்டுவிடாதீர்கள்.

6. சர்வே எண்ணே வேறாக இருந்தால் உடனே பிழை என்று முடிவு கட்ட வேண்டாம். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல இடங்களில் உட்பிரிவுகள் மாறின. ஊர் நத்தத்தில் நத்தம் நிலவரித் திட்டத்தில் புது எண்கள் வந்தன. தாலுகா அலுவலகத்தில் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டு விவரத்தைக் கேட்டுப் பாருங்கள். எண் மட்டும் மாறி, நிலம் அதேதான் என்றால், புதிய பத்திரத்தில் இரண்டு எண்களையும் குறிப்பிட்டாலே போதும்.

7. காகிதம் முடிந்ததும் மண்ணுக்கு வாருங்கள். மூலைக்கு மூலை சர்வே கல் இருக்கிறதா என்று தேடுங்கள். புதரிலும் மண்ணிலும் புதைந்திருக்கும். வயலாக இருந்தால் அறுப்பு முடிந்த சமயம் தோதானது. கல் இடம் மாறியிருப்பதாகத் தோன்றினால், நீங்களாகப் பிடுங்கி நட வேண்டாம். அது சட்டப்படி குற்றம்.

8. எல்லையில் சந்தேகம் இருந்தால் ‘எஃப் லைன்’ அளவைக்குக் கட்டணம் கட்டி மனு கொடுங்கள். அரசு நில அளவர் பக்கத்து நிலக்காரர்களுக்கும் அறிவிப்பு கொடுத்துவிட்டு வந்து அளப்பார். அதற்கு முன்பே நீங்கள் பக்கத்து வீட்டுக்குப் போய், “அண்ணே, நாளன்னைக்கு அளக்க வர்றாங்க, நீங்களும் கூட நில்லுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் பார்த்துக் கோபப்படுகிறவர், நேரில் சொன்னால் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வருவார். தனியார் சர்வேயரின் வரைபடம் உங்கள் புரிதலுக்கு உதவும். அரசுப் பதிவேட்டை அது மாற்றாது.

9. பிழை எங்கே இருக்கிறதோ அங்கேதான் திருத்த முடியும். பட்டாவிலோ புலப்படத்திலோ பிழை என்றால் பதிவாளர் அலுவலகத்துக்கு அலைந்து பயனில்லை. வட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். பத்திரம், வில்லங்கம், அளவை நகல் எல்லாவற்றையும் இணையுங்கள். யு.டி.ஆர். காலத்துப் பிழைகள், தன்மையைப் பொறுத்து, கோட்டாட்சியர் அல்லது மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகும். ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியிலும் மனு கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

10. பத்திரத்தில் பிழை என்றால் பிழைத் திருத்தல் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். உங்களுக்கு விற்றவரும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அவர் காலமாகியிருந்தால் அவருடைய எல்லா வாரிசுகளும் வர வேண்டும். பவர் ஏஜென்டிடம் வாங்கியிருந்து, பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால், அந்த ஏஜென்ட் பொதுவாக இப்போது கையெழுத்திட முடியாது. ஆகவே விற்றவர் நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே இதை முடிப்பது புத்திசாலித்தனம். வர மறுத்தால் நீதிமன்றம்தான் வழி, வருடங்கள் ஓடிவிடும்.

11. திருத்தல் என்ற பெயரில் வேறு சொத்தையே எழுதிவிட முடியாது. இடமே மாறுகிறது, பரப்பு கூடுகிறது என்றால் அதைப் புதிய கிரயமாகக் கருதி முழு முத்திரைத்தீர்வை கேட்பார்கள். வரைவை வக்கீலிடம் காட்டிவிட்டுப் பதியுங்கள். பதிந்த பின் புது வில்லங்கம் போட்டு, திருத்தம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். சொத்து வங்கி அடமானத்தில் இருந்தால் வங்கிக்கு முதலிலேயே சொல்லுங்கள்.

12. கூட்டுப் பட்டாவில் உங்கள் பாகம் எது என்று படத்தில் தெரியாது. அளந்து, உட்பிரிவு செய்து, தனிப்பட்டா வாங்கிய பிறகு விற்றால் நல்ல விலையும் கிடைக்கும், பங்காளிச் சண்டையும் குறையும்.

13. அளந்ததில் நிலம் குறைகிறது, பக்கத்துச் சுவர் உள்ளே வந்திருக்கிறது என்றால், பேசித் தீர்க்கப் பாருங்கள். 12 வருடத்துக்கு மேல் அவர் அதைத் தனக்குரியதாக வெளிப்படையாக அனுபவித்து வந்திருந்தால், அனுபவ பாத்தியம் கோர இடமுண்டு. ஒருவருக்கொருவர் நிலத்தை விட்டுக்கொடுப்பதாக இருந்தால் பரிவர்த்தனைப் பத்திரமாகப் பதியுங்கள், வாய்ப்பேச்சு நிற்காது. எதுவும் படியாவிட்டால், கையில் உள்ள அளவை மட்டும் விற்றுவிடுங்கள்.

14. நிலம் கூடுதலாக இருந்தால் மகிழ்ச்சிக்கு அவசரப்படாதீர்கள். அ-பதிவேட்டில் பக்கத்து எண் வாய்க்காலா, வண்டிப்பாதையா, வேறு புறம்போக்கா என்று பாருங்கள். நமதல்லாததை விற்றால், வாங்கியவர் நாளைக்கு நம் வாசலில்தான் நிற்பார்.

15. எல்லாம் முடிந்ததும், அளந்து வந்த பக்க அளவுகள், இன்றைய பக்கத்து உரிமையாளர்கள், பழைய, புதிய சர்வே எண்கள் ஆகியவற்றோடு தபசிலைப் புதிதாக எழுதுங்கள். ‘அளந்து வந்த அளவுக்கே விலை’ என்று ஒப்பந்தத்திலும் போடுங்கள்.

பட்டா மனுவுக்கும் திருத்தல் பத்திரத்துக்கும் எத்தனை நாள் ஆகும் என்பது நம் கையில் இல்லை. எப்போது தொடங்குவது என்பது மட்டும்தான் நம் கையில். மகளின் கல்யாணத்துக்கோ மகனின் படிப்புக்கோ அடுத்த வருடம் மனையை விற்க வேண்டியிருக்கும் என்று நினைப்பவர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுங்கள்.