வாதாபி கொண்ட சேனாபதி

நம் அளவெட்டிக் கோயில்களில் நாதசுரத்தில் ‘வாதாபி கணபதிம்’ கேளாதார் அரியர். முத்துசாமி தீட்சிதரின் அக்கீர்த்தனையில் வரும் வாதாபி யாதென வகுப்பில் வினவினோம். விடை கூறுவார் இலர். அதுவே இப்பாடத்துக்குத் தோற்றுவாயாயிற்று.

வாதாபி சாளுக்கியரின் தலைநகர். இன்று கருநாடகத்தில் பாதாமி எனப்படுவது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி பல்லவநாட்டின்மேற் படையெடுத்தான். நரசிங்கவர்ம பல்லவன் பரியளம், மணிமங்கலம் முதலிய களங்களில் அவனைப் புறங்கண்டான் எனக் கூரம் செப்பேடு கூறும். பின்னர், 642ஆம் ஆண்டளவில், பல்லவர்படை வாதாபியைக் கைப்பற்றியது. பல்லவன் கல்வெட்டு ஆங்குள்ள பாறையில் உளது.

அப்படையை நடத்தியவர் யார்? பெரியபுராணம் பரஞ்சோதியார் என்கின்றது. திருச்செங்காட்டங்குடியிற் பிறந்த அவர் மருத்துவமும் வடநூற் கலைகளும் பயின்றவர். யானையேற்றம், குதிரையேற்றங்களில் வல்லவர். சேக்கிழார் மன்னன் பெயரைக் கூறாராயினும், வாதாபிப் போரைக்கொண்டு அவன் நரசிங்கவர்மனே என ஆராய்ச்சியாளர் துணிவர். துங்கபத்திரைக்கு அப்பால், பகைவர் நாட்டினுட் பெரும்படையைச் சிதறாது கொண்டுசெல்லுதல் தோள்வலியால் மட்டும் ஆவதன்று. கற்ற கல்வியும் கலங்கா உள்ளமும் வேண்டும்.

வெற்றியோடு மீண்டவரை மன்னன் வியந்தான். அவர் சிவனடியார் என அமைச்சர் உணர்த்தவே, அத்தகையாரைக் கொடும்போருக்கு ஏவினேனே என நடுங்கிப் பொறுத்தருள வேண்டினான். சேனாபதியோ, தமக்குரிய தொழிலையே செய்ததாகவும், அதனால் தீங்கொன்றுமில்லை எனவும் பணிவுடன் விடையிறுத்தார். வென்றவர் நாவிற் செருக்கில்லை, ஏவியவன்மீது குறையுமில்லை.

“ஐயா, நகரம் துகளாயிற்றே, அங்கிருந்த சனங்கள் என்ன ஆனார்கள்?” என்று ஒரு மாணவன் வினவினான். இடம்பெயர்ந்து, இடிந்த சுவர்களுக்கு மீண்ட ஊரவராகிய நாம் அவ்வினாவை எளிதிற் கடத்தல் இயலாது. புராணம் அதற்கு விடை தரவில்லை. ஆயினும் ஒன்று கூறுகின்றது: மன்னன் பொருள் அளித்து விடுக்க, பரஞ்சோதியார் தம்மூர் மீண்டார், அதன்பின் அவர் வாளேந்தியதாகச் செய்தியில்லை. நாடோறும் அடியார்க்கு அமுதூட்டிய பின்னரே தாம் உண்டார். அடியார்முன் தம்மைச் சிறியராக்கி ஒழுகியமையாற் சிறுத்தொண்டர் எனப் பெயர் பெற்றார். திருஞானசம்பந்தரும் அப்பெயரைத் தம் பதிகத்தில் வைத்துப் பாடினார்.

வாதாபி கொண்டவர் என்று அவரை ஊரார் அழைக்கவில்லை. பதவியுயர்வும் பட்டமும் பெற்றுப் பல தேயங்களிலும் வாழும் பழைய மாணவர் இதனை உளங்கொள்வாராக. களத்தில் முன்னிற்றல் வீரம். களம் முடிந்தபின் பந்தியிற் பரிமாற நிற்றல் அதனினும் பெரிய வீரம்.